மூன்றே முக்கால்

1

போன செவ்வாய்க்கிழமை, நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில், என் வயதில் பாதியைத் தாண்டாத ஒரு டீச்சர் என்னைக் கண்டித்தாள். கண்டித்தாள் என்பதுகூடச் சரியில்லை. இந்த ஊரில் யாரும் குரலை உயர்த்துவதில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சிரித்துக்கொண்டே, நாம் நிற்க வேண்டிய இடம் எது என்று காட்டிவிடுவார்கள்.

இங்கிலாந்தின் வடபகுதியில், பஞ்சாலைப் புகைபோக்கிகள் வரிசையாக நிற்கிற ஊர் இது. சின்னப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் மதியச் சாப்பாடு பரிமாறுவதும், சாப்பிட்டு முடித்த பிள்ளைகளை மணி அடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொள்வதும் என் வேலை. இங்கே அதற்கு டின்னர் லேடி என்று பெயர். முதல் கடிதத்தில் அப்படியே எழுதிவிட்டேன். புத்தூரில் என் அண்ணன் அதைப் படித்துவிட்டு, தங்கைக்கு ஏதோ விருந்து மாளிகையில் உத்தியோகம் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தார். நான் இன்றுவரை திருத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை நல்ல மழை. பிள்ளைகளை வெளியே விட முடியாது. வகுப்பறையில் ஒரு பெரிய தொட்டி நிறைய பிளாஸ்டிக் கட்டைகள் உண்டு. ஒன்றின் தலையில் ஒன்று கவ்விக்கொள்ளும், வீடு கட்டலாம். சூசன், யாஸ்மின் என்று இரண்டு பெண் குழந்தைகளுக்குள் சண்டை. சுவரில் ஆளுக்குப் பாதி கட்டுவதாகப் பேச்சு. "என் பாதி உன் பாதியைவிடப் பெரிசு" என்கிறாள் சூசன். இல்லை, தன் பாதிதான் பெரிசு என்று யாஸ்மினுக்கு அழுகை.

நான் தரையில் உட்கார்ந்தேன். எட்டுக் குமிழ் உள்ள கட்டை ஒன்றை எடுத்து வைத்தேன். அதன்மேல் நாலு குமிழ்க் கட்டை இரண்டு. அதன்மேல் இரண்டு குமிழ்க் கட்டை நாலு. ஒன்றும் விளக்கவில்லை. கடைசி வரிசைக்கு ஒற்றைக் குமிழ்க் கட்டைகளைச் சூசன் தானே தேடி எடுத்து, எட்டு வைத்து, விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். எந்த வரிசையும் நீட்டிக்கொண்டு நிற்கவில்லை. அவள் வாய் லேசாகத் திறந்தது. அந்த முகத்தை நான் பார்த்துப் பல வருஷம் ஆகிவிட்டது.

டீச்சர் பின்னால் நின்றிருந்தாள். "எவ்வளவு அழகு! ஆனால் கணக்கை எங்களுக்கு விட்டுவிடுங்களேன். நீங்கள் ஒரு விதமாகச் சொல்லி, நாங்கள் ஒரு விதமாகச் சொன்னால், பாவம், பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள்."

நானும் டீச்சராக இருந்தவள்தான் என்று சொல்ல வாய் வந்தது. "சாரி" என்றேன். கட்டைகளைப் பிரித்துத் தொட்டியில் போட்டேன்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குக் கோபம் வரவில்லை. தெய்வானையின் ஞாபகம்தான் வந்தது. அவளைப் பற்றி இதுவரை யாருக்கும் எழுதியதில்லை.

2

நான் பிறந்தது புத்தூரில். ஆசிரியப் பயிற்சி முடித்தது திருப்பதியில். அப்போது இரண்டு ஊரும் சென்னை மாகாணத்தில் இருந்தன. நான் சர்டிபிகேட் வாங்கிய கொஞ்ச நாளிலேயே ஆந்திரா தனி மாநிலமானது. சித்தூர் ஜில்லா அதோடு போயிற்று. எனக்கு வேலை கிடைத்தது சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். அது சென்னை மாநிலத்திலேயே நின்றுவிட்டது. அம்மா ஒரு மாநிலத்தில், சம்பளம் ஒரு மாநிலத்தில். மாதம் ஒரு தடவை பஸ் பிடித்து அம்மாவைப் பார்த்துவிட்டு வருவேன். அந்தக் கோடு ஒருநாள் நகரும் என்று யாரும் நினைக்கவில்லை.

பள்ளிக்கு இரண்டே அறைகள். வந்த பிள்ளைகள் எல்லாம் தமிழ்க் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். கால், அரை, முக்கால் வாய்ப்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார்கள். ஒருநாள் பாட்டை நிறுத்திவிட்டு, "கால்னா என்ன?" என்று கேட்டேன். முன் வரிசையில் இருந்த தெய்வானை எழுந்து பாவாடையை லேசாகத் தூக்கித் தன் காலைக் காட்டினாள்.

"அப்ப அரைக்கால்?"

கொஞ்சம் யோசித்து முழங்காலைத் தொட்டாள்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம்தான், மூன்று மாதமாக நான் நடத்திய பாடம் அந்த முழங்காலில் வந்து நிற்கிறது என்று உறைத்தது.

சத்தியவேட்டில் ஒரு வண்டிப் பட்டறை இருந்தது. அங்கே கழித்துப் போட்டிருந்த மாமரத் துண்டுகளைக் காட்டி, ஒரு சாண் நீளத்தில் கட்டை, அதில் பாதி, கால், அரைக்கால் என்று அறுத்துத் தரச் சொன்னேன். ஆசாரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பொம்மையாம்மா?"

"கணக்கு."

"கணக்குக்கு எதுக்கும்மா கட்டை? பெரம்பு போதாதா?"

ஆனாலும் செய்து கொடுத்தார். முழுக்கட்டை நாலு, அரை எட்டு, கால் பதினாறு, அரைக்கால் முப்பத்திரண்டு. மொத்தம் அறுபது. ஒவ்வொன்றையும் அரம் போட்டு வழவழப்பாக்கியிருந்தார். இரண்டு அரையைச் சேர்த்து முழுக்கட்டைமேல் வைத்தால் நகம் நுழையாது.

பிள்ளைகள் அதில் வீடு கட்டினார்கள், கோபுரம் கட்டினார்கள், ஏரிக்குக் கரை போட்டார்கள். நான் குறுக்கே போகவில்லை. ஒரு வாரம் கழித்துத் தெய்வானை கட்டிய சுவரின் முன்னால் குந்திக்கொண்டு தானே கேட்டாள்.

"டீச்சர், ரெண்டு அரைக்கால் வெச்சா ஒரு கால் ஆவுது. ரெண்டு கால் வெச்சா அரை ஆவுது. அப்ப ஒரு அரையில எத்தினி அரைக்கால் கீது?"

"வெச்சுப் பாரு."

வைத்துப் பார்க்கவில்லை. சுவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாலு" என்றாள். சொல்லிவிட்டுத்தான் வைத்துப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்தது.

மறுநாள் வந்ததும் வராததுமாக, "டீச்சர், எங்க ஊட்ல களி உருண்டைய எட்டாப் பிட்டேன். எங்க நைனாவுக்கு ரெண்டு அரைக்கால் வெச்சேன். தம்பி ஒண்ணு துன்னுட்டு இன்னொரு அரைக்கால் வேணும்னு அழுவறான்" என்றாள். அவளுடைய நைனா அடுத்தவர் கழனியில் ஏர் ஓட்டுகிறவர். அவள் வீட்டில் அதுவரைக்கும் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. இந்தப் பெண் பத்தாவது வரைக்கும் போவாள், ட்ரெயினிங்குக்கும் போவாள் என்று நான் மனசுக்குள் ஒரு திட்டமே போட்டுவைத்திருந்தேன்.

3

எல்லை உடன்பாடு வந்த வருஷம் பத்திரிகைகளில் திருத்தணி கிடைத்த சந்தோஷம்தான் இருந்தது. சத்தியவேடு ஆந்திராவுக்குப் போனதைப் பற்றி ஒரு வரி இருந்ததோ என்னவோ. எங்கள் கிராமத்தில் யாரும் அழவும் இல்லை, ஆடவும் இல்லை. ஆடு மாடு அதே மேய்ச்சலுக்குப் போயிற்று. "சர்க்கார் மாறினா மழை மாறிடுமா?" என்று கேட்டார் தெய்வானையின் நைனா.

கொஞ்ச நாளில் எங்கள் பள்ளிக்குச் சீதம்மா என்று ஒரு தெலுங்கு டீச்சர் வந்தாள். இரண்டாவது அறை, புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கான தெலுங்குப் பிரிவானது. சீதம்மா நல்லவள். பேச்சில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. அந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். வந்த முதல் நாளே கட்டைப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "எனக்கும் சொல்லிக் குடுங்க டீச்சர்காரு" என்றாள்.

பள்ளிச் சாமான்களை இரண்டு பிரிவுக்கும் சரிபாதியாகப் பிரிக்க உத்தரவு வந்து, ஒரு குமாஸ்தாவும் வந்தார். பெஞ்சுகளைப் பிரித்தார். கரும்பலகை ஆளுக்கு ஒன்று. பிறகு பெட்டியைத் திறந்தார். மேலே பெரிய கட்டைகள் அடுக்கியிருந்தன, அடியில் சின்னவை. மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து முப்பது எண்ணிச் சீதம்மா பக்கம் வைத்தார். பெட்டியில் மிஞ்சிய முப்பதை என் பக்கம் தள்ளினார்.

"முப்பை இக்கட, முப்பை அக்கட. லெக்க சரிபோயிந்தி கதா?"

இந்தப் பக்கம் முப்பது, அந்தப் பக்கம் முப்பது, கணக்கு சரியாகத்தான் இருந்தது. தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

தெய்வானை இதற்குள் எங்கள் பங்கைத் தரையில் வரிசையாக அடுக்கிவிட்டாள். எல்லாம் அரைக்கால் கட்டைகள். எட்டெட்டாக மூன்று வரிசை. நாலாவது வரிசையில் ஆறு.

"டீச்சர், இவுரு தப்பாப் பிரிக்கறாரு. நமக்கு மூணே முக்கால்தான் வந்துது. அவங்களுக்குப் பன்னெண்டே கால் போய்ட்ச்சு."

குமாஸ்தாவுக்குத் தமிழ் தெரியும். சிரித்துவிட்டு அவள் தலையைத் தட்டினார். "எண்ணிப் பாரு பாப்பா. முப்பது கீதா இல்லையா?"

"கீது. ஆனா பாதி இல்ல."

ஒன்பது வயதுப் பெண் சொன்னது அந்த அறையில் எனக்கும் சீதம்மாவுக்கும் மட்டும் புரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் போனதும் சீதம்மா என் அருகில் வந்தாள். "டீச்சர்காரு, இது பாகலேது, நல்லா இல்ல. உங்க பிள்ளைங்களுக்கு வெறும் பொடிசு வந்திருக்கு. நம்ம மாத்திக்கலாம். யாருக்குத் தெரியும்?"

"லிஸ்ட்ல கையெழுத்துப் போட்டாச்சே சீதம்மா. நாளைக்கு யாராவது வந்து பார்த்தா?"

உண்மையான காரணம் அது இல்லை. ஆசிரியர்கள் எந்த மாநிலத்துக்குப் போக விருப்பம் என்று எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எனக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை நகரிக்காரர், விசைத்தறி வேலை தெரிந்தவர், மெட்ராஸில் ஒரு மில்லில் இருந்தார். அவருடைய அம்மா, "பொண்ணு மெட்ராஸ் பக்கம் மாத்திக்கினு வந்தா முகூர்த்தம் வெச்சுக்கலாம்" என்று சொல்லியனுப்பியிருந்தார். நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். உத்தரவு வருகிற வரைக்கும் என் பெயரில் ஒரு சின்னப் புகாரும் வரக் கூடாது என்று பயந்தேன். அதற்காக என் பிள்ளைகள் அரைக்கால் கட்டைகளோடு மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். முழுசு இல்லாமல் அரைக்காலுக்கு என்ன அர்த்தம்? அது வெறும் மரத்துண்டு.

உத்தரவு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. பையில் வைத்துக்கொண்டே பாடம் நடத்தினேன். சாயங்காலம் பிள்ளைகள் எழுந்துகொண்டிருந்தபோது தெய்வானை கேட்டாள்: "டீச்சர், அரைக்காலுக்குக் கீழ கீதா?"

"இருக்கு. திங்கக்கெழம சொல்றேன்."

அன்று மாலை பஸ்ஸிலேயே நான் புறப்பட்டுவிட்டேன்.

4

கல்யாணம், திருத்தணியில் வேலை, அப்புறம் மெட்ராஸ், உமா பிறந்தது, அவருக்கு இந்த ஊர் ஆலையில் வேலைக்கு அனுமதிச் சீட்டு வந்தது என்று ஆறேழு வருஷம் ஓடிற்று. இங்கே டீச்சர் பஞ்சம் என்றார்கள். எனக்கும் ஆசை வந்தது. சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு கல்வி அலுவலகத்துக்குப் போனேன்.

எதிரே இருந்த அதிகாரி ரொம்ப மரியாதையானவர். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதில் சென்னை அரசு என்று இருக்கிறது. பாஸ்போர்ட்டில் நீங்கள் பிறந்த ஊர் ஆந்திராவில் இருக்கிறது. முதலில் வேலை பார்த்த பள்ளி?"

"நான் சேர்ந்தபோது சென்னையில் இருந்தது. இப்போது ஆந்திராவில்."

"பள்ளி இடம் மாறியதா?"

"இல்லை. பள்ளி அங்கேயேதான் இருக்கிறது."

அவர் பேனாவை மூடிவைத்தார். மூலப் பதிவிலிருந்து உறுதிக் கடிதம் வாங்கித் தரச் சொன்னார். சென்னைக்கு எழுதினேன். மாநிலம் பிரிந்தபோது அந்த ஊர்ப் பதிவேடுகள் ஆந்திராவுக்கு அனுப்பப்பட்டுவிட்டன, அங்கே கேட்கவும் என்று நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. அங்கே எழுதினேன். தாங்கள் கேட்பது பிரிவினைக்கு முந்தைய பதிவு, சென்னையில் கேட்கவும் என்று ஏழு மாதம் கழித்து வந்தது. இரண்டு கடிதத்தையும் சேர்த்து அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் இரக்கப்பட்டு, காகிதம் வருகிறபோது வரட்டும், முதலில் நேர்காணலுக்கு வாருங்கள் என்றார்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு எதை நன்றாகச் சொல்லிக் கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். பின்னம் என்றேன். ஒரு அம்மாள் தாளில் மூன்றின் கீழே கோடு போட்டு எட்டு எழுதி, வாசிக்கச் சொன்னார். நாம் எட்டில் மூன்று என்போம். முழுசை முதலில் சொல்லி, அதில் எவ்வளவு என்று பிறகு சொல்வது நம் வழக்கம். பதற்றத்தில் வாய் அந்த வழியிலேயே போய், "எய்ட் இன் த்ரீ" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் தாளை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் திருத்திச் சொன்னேன். அதற்குள் மூன்று பேரும் எழுதத் தொடங்கியிருந்தார்கள்.

பள்ளிச் சமையலறையில் ஆள் வேண்டும் என்று அதே அலுவலகத்துப் பலகையில்தான் பார்த்தேன். அதற்குச் சர்டிபிகேட் கேட்கவில்லை.

5

உமாவுக்கு இப்போது பதினொன்று. நான் வேலை பார்க்கும் பள்ளியில்தான் அவளும் படித்தாள். "அம்மா, ஸ்கூல்ல என்னைப் பார்த்தா கை காட்டாதே" என்று ஆறு வயதிலேயே சொல்லிவிட்டாள். தட்டில் உருளைக்கிழங்கு வைக்கும்போது மற்ற பிள்ளைகளைப் போலவே எனக்குத் தேங்க் யூ சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

ஒருநாள் வீட்டுப்பாடத்தில் பின்னம் கூட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "முக்காலும் அரைக்காலும் எவ்வளவு, சொல்லு பார்ப்போம்" என்றேன்.

"கால்னா லெக் தானே? ஹாஃப் லெக்கா?"

ஒருத்தி அப்படிச் சொன்னபோது நான் ஆசாரியைத் தேடிப் போனேன். இப்போது எங்கே போவது? அவளுக்குக் கணக்கு தெரியும். விடையை அதற்குள் எழுதிவிட்டாள். தெரியாதது கணக்கு இல்லை.

"விடும்மா. நீ சொல்ற மாதிரி யாரும் சொல்றதில்லை" என்று நோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அதையும் இங்கிலீஷில்தான் சொன்னாள். நான்தான் தமிழில் எழுதுகிறேன்.

6

போன வருஷம் அம்மாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது என்று அண்ணன் தந்தி கொடுத்தார். நான் மட்டும் போனேன். திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வார்டு ஜன்னலில் மலை தெரிந்தது. கீழே தெருவில் மொட்டைத் தலைகளில் சந்தனத்தோடு ஜனங்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. என் கையைப் பிடித்தாள். நர்ஸ் கையையும் அப்படித்தான் பிடித்தாள்.

மூன்றாம் நாள் வார்டில் வேறு உதவியாள் வந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். நர்ஸ் போகிற போக்கில், "சகம் மாத்ர இவ்வு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பெண் மாத்திரையை நகத்தால் சரிபாதியாக உடைத்தாள். நான் அம்மாவை நிமிர்த்திக்கொண்டே, "மெதுவா, மெதுவா" என்றேன்.

அவள் நின்றுவிட்டாள். "நீங்க டீச்சர் தானே?"

முகம் எனக்குத் தெரியவில்லை.

"நான் தெய்வானை. உங்க கொரலை வெச்சுத்தான் கண்டுபுட்ச்சேன்."

அவளைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். உட்காரக் கூடாது என்று நின்றுகொண்டே பேசினாள். நான் போனதும் தமிழ்ப் பிரிவுக்கு யாரும் வரவில்லையாம். பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுபோய், எண்ணிக்கை போதவில்லை என்று மூடிவிட்டார்களாம். இருந்தவர்களைத் தெலுங்கில் ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்தார்களாம்.

"எனக்கு அப்பவே பத்து வயசு. பக்கத்துல ஒக்காந்தது எல்லாம் அஞ்சு வயசுப் பசங்க. சீதம்மா டீச்சர் நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாங்க. எனக்குத்தான் வெக்கம். மூணு மாசம் போனேன். அப்புறம் நைனாகூடக் கழனிக்குப் போய்ட்டேன்."

"நான் இருந்திருக்கணும் தெய்வானை."

"நீங்க இருந்தா மட்டும் இன்னா ஆயிருக்கும்? உடுங்க டீச்சர்."

ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. திங்கட்கிழமையைப் பற்றி அவள் கேட்கவில்லை. மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிறவள் எதை மறப்பாள்?

"கட்டையெல்லாம் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"அடுப்புக்குப் போய்ட்ச்சு டீச்சர். ஒரு மழைக் காலத்துல காவக்காரரு எடுத்துக்கினு போய்ட்டாரு."

மறுநாள் மத்தியானம் அவள் ஒரு தாளோடு வந்தாள். தங்கைக்கு ஊரில் கல்யாணமாம். நாலு நாள் லீவு வேண்டும். "இத்த எழுதிக் குடுங்க டீச்சர். இங்க யார்னா கிட்ட கேட்டா நாளைக்கு, நாளைக்குன்றாங்க."

அச்சடித்த படிவம். முழுக்கத் தெலுங்கு. புத்தூரில் பிறந்தவள் நான். பேச்சு சரளமாக வரும். எழுத்தைக் கூட்டிக் கூட்டி முதல் வரியைப் படித்தேன். இரண்டாவது வரியில் நின்றுவிட்டேன். என்ன கேட்கிறது என்று தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் எழுதத் தெரியாது. தெய்வானை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், நான் சொல்லாமலேயே, தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

நடைபாதையில் போன ஒரு பயிற்சி நர்ஸை நிறுத்திக் கெஞ்சினாள். அந்தப் பெண் சுவரில் தாளை வைத்து, நின்ற வாக்கில் எழுதி முடித்து, கீழே ஒரு இடத்தைக் காட்டிவிட்டுப் போனாள். தெய்வானை மேஜைமேலிருந்த மைப்பெட்டியைத் திறந்தாள்.

"கையெழுத்துப் போடேன். உனக்குத்தான் எழுதத் தெரியுமே."

"ஒரு வாட்டி தமிழ்ல போட்டேன் டீச்சர். இது இன்னா எழுத்துன்னு நாலு பேரு கூடிப் பாத்தாங்க. ஒடம்பே கூசிப் போச்சு. அதுலேர்ந்து ரேகைதான்."

"இன்னிக்குப் போடு. நான் இருக்கேன்."

அவள் சிரித்தாள். "வாணாம் டீச்சர். லீவு கெடைக்கணும்."

பெருவிரலை மையில் புரட்டி, அந்த நர்ஸ் காட்டிய இடத்தில், கோட்டுக்குமேல் போகாமல் நேராக வைத்து எடுத்தாள். தாளை ஊதினாள். அம்மாவின் கஞ்சி ஆறிவிட்டது, சூடு பண்ணிக்கொண்டு வருகிறேன் என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது டம்ளர் விளிம்பில் ஊதா மை ஒட்டியிருந்தது. நான் அதைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு அம்மாவுக்குப் புகட்டினேன்.